ஏழாம் கூடையில் என் சோற்றுப் பார்சல்

கண்டிக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் தலதா மாளிகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வெளியில் நின்று பார்த்தேன். உள்ளே போகச் செருப்பைக் கழற்றி விட வேண்டும் என்றார்கள். செருப்பு புதுசு. அதனால் வெளியிலேயே நின்றுவிட்டேன். குளத்தையும் பார்த்தேன். சுற்றுச்சுவர் எனக்குத் தாழ்வாகப் பட்டது, பத்தடி தள்ளி நின்றுதான் பார்த்தேன். ஆகவே அவை இரண்டைப் பற்றியும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நான் கிட்டத்தில் நின்று கண் இமைக்காமல் பார்த்தது பூங்கா ஒன்றில் நட்டிருந்த இரும்புக் கூடையையும் அதற்குள் இருந்த என் சோற்றுப் பார்சலையும்தான்.

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு பஞ்சர் கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மகள் கல்யாணத்துக்குப் பெரியப்பா மகள் லெட்சுமி அக்காவை அழைக்கத்தான் இலங்கைக்குப் போனேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கப்பலேறி இந்தியா வந்தபோது பெரியப்பா மட்டும் வர மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். போனில் அழைத்தால் போதாதா என்று மனைவியிடம் கேட்டேன். "பொண்ணுக்கு அத்தை முறை. நேர்ல போய் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நிக்கும்போது குடுங்க" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. அத்தான் கொழும்பில் லாரி ஓட்டுகிறார், வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார் என்று அக்கா சொன்னாள். அதுவரை கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட் மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு திரிவது என்று முடிவு செய்தேன். தூங்கும்போதும் அணைத்துக்கொண்டேன்.

அக்கா முன்பு புசல்லாவையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். இப்போது கெலிஓயாவில் வாடகை வீடு, கண்டிப் பக்கம் ஒரு பொதுப் பூங்காவில் கூட்டுகிற வேலை. பூங்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

முதல் இரவு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் ஒருவன் இரவில் இடியாப்பம் கேட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்போம். இங்கே உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் இருபது இருபதாக உள்ளே தள்ளுகிறார்கள். சம்பலில் மரத்தூள் போல ஏதோ கிடந்தது. ஒதுக்கி வைத்தேன். "அது மாசி, கருவாடு. தின்னு. செத்துப் போக மாட்ட" என்றாள் அக்கா. தின்றேன். சாகவில்லை. ஆனால் இரவு இரண்டு தடவை எழுந்து நாக்கைக் கண்ணாடியில் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பினாள். வீட்டில் என்னோடு தனியாக ஒரு காஸ் சிலிண்டர் இருந்தது. நானும் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறுமுன் டயரைப் பார்ப்பது என் தொழில். எல்லா டயரையும் சுற்றி வந்து, பின் டயரில் விரலை வைத்துத் தடவினேன். என் மகளின் கன்னம் கூட அவ்வளவு வழவழப்பாக இருக்காது. நடத்துனர் சிங்களத்தில் ஏதோ கேட்டார், பஸ்ஸே சிரித்தது. "பஸ்ஸ வாங்கப் போறீங்களா, இல்ல ஏறப் போறீங்களான்னு கேக்குறாரு" என்றாள் அக்கா. ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டை உச்சத்தில் வைத்தபடி, வளைவில் எதிரே வந்த பஸ்ஸை உரசாமல் கொண்டு போனார் ஓட்டுநர். அவருக்குக் கடவுள் பயம் இருந்ததா தெரியாது. எனக்கு நிறைய வந்தது.

பூங்கா அழகானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலையில் வேகமாக நடக்கும் வயதானவர்கள், வரிசையாக வந்து வரிசையாகப் போகும் பள்ளிப் பிள்ளைகள், பெஞ்சுக்கு ஒரு சோடி என்று குடைக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கும் காதலர்கள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடை மட்டும் விரிந்திருக்கிறது. கோத்தகிரியில் இப்படி உட்கார்ந்தால் குடைக்குள் யார் என்று குனிந்து பார்க்கவே நாலு பேர் வருவார்கள். இங்கே பெரிய மனதோடு விட்டுவிடுகிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் மேலாகத் தட்டுகள் பறந்துகொண்டிருந்தன.

டிஸ்க் கோல்ஃப் என்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. விளிம்பு கெட்டி. தூரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு இரும்புக் கூடை, கூடைக்கு மேலே சுற்றிலும் சங்கிலிகள் தொங்கும். தட்டைத் தூக்கி எறிந்து சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழ வைக்க வேண்டும். குறைந்த எறியில் விழ வைத்தவன் கெட்டிக்காரன். இப்படி ஒன்பது கூடைகளைப் பூங்கா முழுவதும் நட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் நட்டிருந்தால் மறுநாள் காலை சங்கிலி பழைய இரும்புக் கடையில் கிடக்கும். பிரச்சினை அத்தோடு தீர்ந்திருக்கும்.

வாசலில் மூன்று மொழியில் ஒரு பலகை. விளையாட்டைப் பற்றி ஆறு விதிகள். கவனமாக நடக்கவும். தட்டு வரும் வழியில் நிற்க வேண்டாம். சத்தம் கேட்டால் தலையைக் காத்துக்கொள்ளவும். இப்படியே போகிறது. ஆறும் அடி வாங்குகிறவர்களுக்கு. எறிகிறவர்களுக்கு ஒன்றாவது இருக்கும் என்று பலகையின் பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் தகரம்.

வாசலில் ஓட்டோ போட்டிருக்கும் நசீர் நானா கெலிஓயாக்காரர், அக்காவுக்குத் தெரிந்தவர். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்கிறார்கள். நான் பலகையைச் சுற்றி வந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதெல்லாம் வாசிச்சி வேலயில்ல" என்று சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மட்டை எடுத்தார். "இது என்ட மகன்ட. போட்டுக்கோங்க. நான் மூணு வருஷமா இந்தக் கேட்டடில ஈக்கிறன், ஓட்டோட கண்ணாடி ரெண்டு தரம் போயிட்டு. கேட்டா, கண்ணாடி ஏன் அங்க நிண்டதுன்னு கேக்குறாங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மறுத்திருப்பார்கள். நான் போட்டுக்கொண்டேன். முகக் கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பூங்காவில் என்னைப் பார்த்துப் பிள்ளைகள் கையசைத்தார்கள்.

அக்காவையும் சேர்த்து அங்கே கூட்டுகிற பெண்கள் ஐந்து பேர். பகல் பன்னிரண்டுக்கு எல்லோரும் சாப்பிட உட்காரும் இடம் ஒரே ஒரு பெரிய மரத்தடி. மேட்டுப்பாளையம் பக்கம் அதைத் தூங்குமூஞ்சி மரம் என்போம். பந்தல் போட்ட மாதிரி நிழல், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். ஏழாம் கூடையை அந்த மரத்தடியில்தான் நட்டிருக்கிறார்கள்.

நட்டதில் ஒரு நன்மையும் உண்டு. அங்கே குரங்குத் தொல்லை. முன்பு சோற்றுப் பார்சலைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால் பாதி நாள் குரங்குதான் சாப்பிட்டது. கூடை வந்த பிறகு பார்சல்களை அதற்குள் அடுக்கிவிடுகிறார்கள். சங்கிலியில் கை பட்டுச் சலசலத்தால் குரங்கு ஓடிவிடும். விளையாடுகிறவர்கள் கூடையை வைத்தது தட்டுக்கு. இவர்களுக்கு அது அலுமாரி. தட்டு எறிகிறவர்கள் வந்தால் முணுமுணுத்துக்கொண்டே பார்சல்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எறிவார்கள். எடுக்காமல் எறிகிறவர்களும் உண்டு.

"தட்டு எறியிறவங்க அந்த மேட்டுல நின்னு கத்துவாங்க" என்றாள் அக்கா. "கத்துனா குனி. சாக்க எடுத்துத் தலையில போடு. சத்தம் அடங்குறவரைக்கும் நிமிராத." சருகு அள்ளுகிற உரச்சாக்கு ஒவ்வொருவர் மடியிலும் இருந்தது. அவர்களில் பாக்கியம் என்பவள் இரண்டு வாரத்துக்கு முன் சாக்கை எடுக்கக் கொஞ்சம் பிந்திவிட்டாள். வலது மணிக்கட்டு இன்னும் வீங்கி இருந்தது. இடது கையால் கூட்டினாள், இடது கையால் தின்ன மனமில்லாமல் கரண்டியால் தின்றாள். விளையாட்டுக் கழகம் அவளுக்கு ஒரு தைலக் குப்பியும் ஒரு புத்திமதியும் கொடுத்திருந்தது. குப்பி தீர்ந்துவிட்டது.

மரத்தில் ஒரு அறிவிப்பு ஆணியடித்திருந்தது. சனிக்கிழமை முதல் ஊழியர்கள் இந்த மரத்தடியில் அமரக் கூடாது, பாதுகாப்பை முன்னிட்டு. மாற்று இடம், கழிப்பறைக் கட்டடத்தின் பின்புறம்.

"பாதுகாப்புன்னா யாருக்குக்கா?" என்று கேட்டேன்.

"தட்டுக்கு. எங்க தலையில பட்டா கீறல் விழும்ல."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "கக்கூசுக்குப் பின்னால ஒக்காந்து சோறு திங்கவா தோட்டத்த விட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

புதன்கிழமை, அப்பா பிறந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, பார்த்து வரச் சொல்லி அக்கா என்னைப் புசல்லாவைக்கு அனுப்பினாள். நுவரெலியா பாதையில் பஸ் டயர் வெடித்தது. நான் ஏறுமுன்பே சொல்லியிருந்தேன், யாருக்கும் தமிழ் புரியவில்லை போலிருக்கிறது. இறங்கிச் சக்கரம் மாற்றக் கை கொடுத்தேன். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹெல்மட் ஏறிய என் தலையைப் போலவே அதற்கும் கூரை மாறியிருந்தது. வாசலில் ஒரு ஆடு நின்றது. கண்ணீர் வரும் என்று கைக்குட்டை கொண்டு போயிருந்தேன். அதில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

வியாழக்கிழமைதான் அது நடந்தது.

பகல் பன்னிரண்டு. அன்று அக்கா எனக்கும் ஒரு பார்சல் கட்டியிருந்தாள். சோறு, பருப்பு, பொலஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி. சாப்பிடுமுன் குழாயில் கை கழுவ வேண்டும். மஞ்சள் பையை ஈரக் கையோடு பிடிக்க முடியாது. கீழே வைத்தால் குரங்கு. காலையில்தான் ஒரு வெள்ளைக்காரியின் பையைக் குரங்கு மரத்துக்கு மேலே கொண்டு போனதைப் பார்த்திருந்தேன். கூடைக்குள் என் பார்சல் இருந்தது, அதன் பக்கத்தில் மஞ்சள் பையையும் வைத்தேன். குழாயைத் திறந்தேன். கண்ணைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மேட்டிலிருந்து கத்தல் கேட்டது. ஐந்து பெண்களும் ஒரே அசைவில் குனிந்தார்கள். ஐந்து சாக்குகள் தரையில் உட்கார்ந்திருந்தன. நான் குனியவில்லை. தலையில் ஹெல்மட் இருந்தது, கூடையில் பாஸ்போர்ட் இருந்தது.

ஊதா நிறத் தட்டு. நேரே வரவில்லை. வலது பக்கம் எங்கோ போவது போலப் போய், மரத்தைச் சுற்றிப் பருந்து மாதிரி ஒரு வட்டம் அடித்து, சங்கிலியில் மோதிச் சலங்கென்று விழுந்து, என் சோற்றின் மேல் உட்கார்ந்தது. பார்சல் பிய்ந்தது. பருப்பு கசிந்து மஞ்சள் பைக்குள் இறங்குவதை அங்கிருந்தே பார்த்தேன்.

மேட்டிலிருந்து ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அறுபதைத் தாண்டிய, ஓய்வு பெற்ற பல் டாக்டர். கூட்டாளிகள் வரப் பிந்தியதால் தனியாக எறிந்து பழகிக்கொண்டிருந்தாராம். கூடையின் முன்னால் மண்டியிட்டார். தட்டைத் தொடாமல் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். யாருக்காவது அடி பட்டதா என்று கேட்கவில்லை. எழுந்து சிங்களத்தில் அவர் கேட்ட முதல் கேள்வியை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். "பார்த்தீங்களான்னு கேக்குறாரு." அதற்குப் பிறகு நடந்த பேச்சையும் அவள்தான் இடையிடையே எனக்குத் தமிழாக்கினாள்.

முதல் எறியிலேயே கூடைக்குள் விழுவது லேசான காரியமில்லை. ஒன்பது வருஷமாக எறிகிறார், ஒரு தடவையும் விழுந்ததில்லை. விழுந்தால் கழகத்தின் பலகையில் பெயர் எழுதுவார்கள். ஆனால் தனியாக எறிந்து விழுந்தால் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

பாக்கியம் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க கத்துனீங்க மாத்தயா. நாங்க குனிஞ்சோம்."

"ஒருத்தர் கூடவா பார்க்கவில்லை?"

"பார்த்த அன்னைக்குத்தான் கையி இப்புடி ஆச்சு."

அதற்குள் டாக்டர் போன் செய்ததில் கூட்டாளிகள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கழகச் செயலாளர், விதிப்புத்தகத்தைப் போனில் வைத்திருந்தார். சாட்சி பிறகு, முதலில் இது விழுந்ததாகுமா என்றார். தட்டு கூடையில் தங்க வேண்டும். இது சோற்றில் தங்கியிருக்கிறது. சோறு கூடையின் பாகமா?

சோறு கூடையில்தானே தங்கியிருக்கிறது என்றார் இன்னொருவர். அப்படியானால் ஒருவன் கூடைக்குள் கையை வைத்துப் பிடித்தாலும் சரியா என்றார் செயலாளர். கை வேறு, சோறு வேறு என்றார் டாக்டர். என்ன கறி என்று மூன்றாமவர் குனிந்து பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. படித்த ஐந்து பேர் என் மதியச் சாப்பாட்டைச் சுற்றி நின்று பிரேத பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசித்தது.

கடைசியில் சோறு தடையல்ல என்று தீர்ந்தது. சாட்சிதான் இல்லை. அப்போது பாக்கியம் வாய் தவறி, "இந்தத் தம்பி குனியலியே" என்றுவிட்டாள்.

ஐந்து பேரும் என் ஹெல்மட்டைப் பார்த்தார்கள்.

நான் ஓரடி பின்வாங்கினேன். வந்தது சுற்றுலா விசாவில். வந்த இடத்தில் கையெழுத்துப் போட்டால் போலீஸ், கோர்ட், விமான நிலையத்தில் தனி அறை என்று மனம் ஓடியது. நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முகக் கண்ணாடி மூடியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று, அக்கா முந்திக்கொண்டாள்.

"எந் தம்பி பாத்தாரு. மொத்தமும் பாத்தாரு. ஆனா கையெழுத்துப் போட மாட்டாரு."

"ஏன்?"

"அவருக்குப் பயம். நீங்க எறியிறதப் பாத்துத்தான் பயம். அது போகணும்னா ஒரு வழி இருக்கு." பிறகு அவள் சிங்களத்திலேயே நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டே போனாள், முடித்ததும் எனக்குச் சுருக்கமாகத் தமிழில் சொன்னாள். தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை ஏழாம் கூடைக்கு யாரும் எறியக் கூடாது. மரத்தில் அடித்த அறிவிப்பைக் கழற்ற வேண்டும். இரண்டும் எழுத்தில் வர வேண்டும்.

செயலாளர் சிரித்தார். அது கமிட்டி முடிவு செய்ய வேண்டிய விஷயம், நினைத்தபடி மாற்ற முடியாது என்றார்.

"சரி மாத்தயா" என்றாள் அக்கா. "அப்ப பொலஸ் கறி மேல விழுந்த தட்டுக்கும் கமிட்டியே சாட்சி சொல்லட்டும்." பார்சலின் மேலிருந்த ஊதாத் தட்டை எடுத்து, குழாயில் கழுவி, டாக்டரின் கையில் மரியாதையாகக் கொடுத்தாள். அவர் அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார். அவர் முகம் எனக்கே பாவமாக இருந்தது. பல் பிடுங்குகிறவர்களின் முகத்தை அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன். "வேல போயிடும்க்கா. ஏன் இந்த வம்பு?"

"மரம் போனா வேல இருந்து என்னா செய்ய?" என்றாள். ஆனால் பஸ்ஸில் அவள் கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. வளைவே இல்லாத இடத்திலும் விடவில்லை.

பாக்கியத்தின் மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரமாகியும் கூடாத கமிட்டி, அன்று மாலையே கூடியது. பல் டாக்டர் வீடு வீடாகப் போய் எல்லோரையும் காரில் ஏற்றி வந்தார் என்று நசீர் நானா சொன்னார். "ஆஸ்பத்திரிக்கி ஆளக் கொண்டு போற மாதிரி கொண்டு வந்தாரு தம்பி."

வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. அக்கா சிங்களத்தில் இரண்டு தடவை வாசித்தாள், நானாவையும் வாசிக்கச் சொன்னாள். சரியாக இருந்தது. முதலில் அறிவிப்பைக் கழற்றச் சொன்னாள். செயலாளரே ஆணியைப் பிடுங்கினார். பிறகு என் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பார்த்ததைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் எழுதிய நீளமான பதில் அதுதான்.

தட்டு மேட்டிலிருந்து வந்தது. சங்கிலியில் பட்டது. என் சோற்றின் மேல் உட்கார்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் தலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரி என்னவென்று செயலாளர் கேட்டார். "மத்தவங்க வேலையா இருந்தாங்கன்னு எழுதியிருக்கு" என்றாள் அக்கா. அவர் தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். முகக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் போட்டதில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதுவும் ஒரு பாதுகாப்புத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அத்தான் வந்தார். இருவரையும் கிழக்குப் பார்க்க நிறுத்தி, வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினேன். நீட்டும்போதுதான் பார்த்தேன், ஒரு மூலை முழுவதும் பருப்புக் கறை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூலைக்கு மஞ்சள் தடவித்தானே பத்திரிகை குடுக்கணும்" என்றாள். "நம்ம பருப்புல மஞ்சளுக்கு என்னா கொறச்சல்? கொண்டா." கல்யாணத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை என் கடைசி நாள். பகல் பன்னிரண்டுக்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். கம்பத்தில் ஒரு சின்னத் தகரம் புதிதாகத் தொங்கியது, அதில் கடிகாரம் வரைந்து பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். பாக்கியம் தன் சாக்கை விரித்து அதன் மேல் உட்கார்ந்தாள். நான் ஹெல்மட்டைக் கழற்றவில்லை, ஆனால் கண்ணாடியை உயர்த்தி வைத்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு மேட்டில் பல் டாக்டர் தெரிந்தார். கூட ஒரு விருந்தாளி. எங்கிருந்து எறிந்தேன், எப்படி வளைந்தது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். ஊதாத் தட்டை எடுத்துக் கையை ஓங்கினார். நான் கண்ணாடியை இறக்கினேன். கத்தல் வரவில்லை. மெதுவாக உயர்த்திப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தட்டை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அக்கா பார்சலைப் பிரித்தாள். அன்று முருங்கைக்காய்க் கறி கொண்டு வந்திருந்தாள். ஒரு துண்டை எடுத்துப் பிளந்து, சதையை வழித்து, சக்கையைத் திரும்ப ஒரு தடவை சப்பி, இலையின் ஓரத்தில் நேராக அடுக்கினாள். பிறகு மேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். இன்னும் பதினொன்று இருந்தது.